கேட்ச்போல் என்ற பெயர்

வரி கட்டாதவர் வீட்டுக் கோழியைப் பிடித்துச் சென்ற அந்தக்கால அதிகாரிக்கு கேட்ச்போல் என்று பெயர். அதுவே எங்கள் குடும்பப் பெயர். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தைத் தாண்டினால் அரிது. எங்கள் ஊரில் மிஞ்சியவன் நான் ஒருவனே.

மதுக்கடைக்காரன் கர்லிங் பத்து வருடமாகச் சீண்டினான். "என்ன பெருசு, இன்னிக்கு யார் வீட்டுக் கோழி? இந்தத் திருட்டுப் பேரை இனி எவ வெச்சுக்கப் போறா?"

ஞாயிறன்று தேவாலயத்தில் பாதிரியார் திருமண அறிவிப்பு வாசித்தார். "மனைவியை இழந்த ஹியூபர்ட் கேட்ச்போலுக்கும், கணவரை இழந்த ஆக்னஸ் கர்லிங்குக்கும் திருமணம். ஆட்சேபம் உண்டா?"

கர்லிங் துள்ளி எழுந்தான். "அம்மா! இந்தக் கோழித் திருடனையா?"

"உட்காருடா! அடுத்த மாசம் அது என் பேரு."

வழக்கப்படி இன்னும் இரண்டு ஞாயிறு அந்த அறிவிப்பை வாசிப்பார்கள். நான் முன்வரிசையில்தான் உட்காருவேன்.