சம்பந்தியம்மா பார்த்த படம்

ஜெயில் கேட்டைத் திரையில் காட்டியதும் என் புருஷன் ராஜாராம் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

போன் வரவே இல்லை. எனக்குத் தெரியும்.

என்னை மட்டும் இருட்டுக்குள் விட்டுவிட்டுப் போகிற மனுஷனை என்ன செய்ய. வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வலது பக்கம் அவருடைய தங்கை பவதாரணி. இடது பக்கம் சிலமலை மொக்கம்மாள். அவர் மகன் முத்துக்கண்ணனுக்குத்தான் பவதாரணியைக் கொடுக்கிறோம். புதன்கிழமை நிச்சயம். காலையிலிருந்து போடியில் மூன்று கடை ஏறி இறங்கிப் புடவை எடுத்தாயிற்று. ஜாக்கெட் தைத்துக் கொடுக்க நாலு மணி ஆகும் என்றார் டெய்லர். மெட்டு மலைப் பக்கமிருந்து மழை வேறு இறங்கி வந்தது.

"அதுவரைக்கும் நமக்கு என்ன சோலி? படத்துக்குப் போவோம் மதினி," என்றாள் பவதாரணி.

என்ன படம் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

ஒரு ஜெயில். அங்கே வேலை பார்க்கிற ஒருத்தி. உள்ளே இருக்கிற ஒருத்தன். கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது வந்துவிடுவார்களோ என்று நாம் பதறுவதற்காகப் பின்னணியில் படபடவென்று ஒரு மேளம் போடுகிறார்கள். பின் வரிசையில் ஏலக்காய் பிரிக்கிற ஸ்டோரில் அரை நாள் வேலை முடித்து வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.



எங்கள் கல்யாணமும் அப்படி ஓர் இடத்தில் தொடங்கியதுதான். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் அங்கே சம்பளத்துக்குப் போனவர், ஒருவர் தண்டனைக்குப் போனவர். வீட்டில் சொன்னது வேறு. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பழக்கம் என்று சொன்னோம். அது பாதி நிஜம். ஜெயிலுக்குள்ளேயும் ஆஸ்பத்திரி உண்டு.

ஏழு வருஷமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறோம். மாமியாருக்கே தெரியாது.

மொக்கம்மாளுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். அதில் சந்தேகமே வேண்டாம். சாயங்காலத்துக்குள் சிலமலை முழுக்கப் பேசும். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறி மலை எஸ்டேட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பவதாரணி இரண்டு வருஷமாக அந்தப் பையனையே நினைத்துக்கொண்டு கிடக்கிறாள். எங்களால் அவள் வாழ்க்கை கெட்டால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு தின்பேன்?

படம் தொடங்கியதிலிருந்தே மொக்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இப்போது சத்தமாகவே சொன்னார்.

"ஜெயில் சோறு தின்னவனோட குடும்பம் நடத்தப் போறாளாம். இதெல்லாம் ஒரு படமா?"

"சும்மா கதைதானே அத்தை," என்றாள் பவதாரணி.

"கதையா இருந்தா மட்டும்? அந்த வாசலை மிதிச்சவங்கள வீட்டுப் படி ஏத்தலாமா? நீயே சொல்லு சந்திரவல்லி."

"ஏத்தக் கூடாதுதான்," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து போகலாம் என்றால், புருஷனும் பெண்டாட்டியும் ஏன் இந்தப் படத்துக்கு மட்டும் ஓடுகிறார்கள் என்று கேள்வி வரும். என் புருஷன் இந்நேரம் டீக்கடையில் நின்று வடை தின்றுகொண்டிருப்பார். நல்ல தைரியசாலி.

திரையில் பொழுது விடிந்தது. விசில் ஊதினார்கள். காக்கி போட்ட ஒருவர் கம்பியைத் தடியால் தட்டிக்கொண்டே வந்து, 'ஜோடி ஜோடியா உக்காரு' என்று கத்தினார். கைதிகள் இரண்டு இரண்டு பேராகத் தரையில் குந்தித் தலை குனிந்துகொண்டார்கள். அவர் எண்ண ஆரம்பித்தார்.

ரெண்டு. நாலு. ஆறு.

எட்டு என்றபோது நான் சீட்டில் இல்லை.

தரையில் குந்தியிருந்தேன். முழங்கால் இரண்டும் ஒட்டி, கை அதன் மேல், தலை கீழே. முன் சீட்டு நெற்றியில் இடித்தது.

ஜெயிலில் ஆறு வருஷம், காலையும் சாயங்காலமும் இப்படிக் குந்தியவள் நான். என் புருஷன் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். எல்லாம் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"மதினி? என்ன மதினி?" பவதாரணி குனிந்து கேட்டாள்.

முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று மட்டும் தோன்றியது. எழுந்தால் மொக்கம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம்தான் தரையையே பார்ப்பது? மெல்ல இடது பக்கம் அண்ணாந்து பார்த்தேன்.

அவர் சீட்டு காலியாக இருந்தது.

மொக்கம்மாள் என் தோளோடு தோள் ஒட்டிக் கீழே குந்தியிருந்தார். முழங்கால் இரண்டும் ஒட்டி, கை அதன் மேல், தலை கீழே.

"அத்தை, நீங்களுமா? என்னத்தத் தேடுறீங்க?"

"தோட்டுத் திருகாணி விழுந்துருச்சு ஆத்தா. நீ படத்தைப் பாரு," என்றார் மொக்கம்மாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

பிறகு இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்து, என் காதருகே குனிந்தார். அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது.

"எம் மகனுக்குத் தெரியாது தாயி," என்றார்.