கேப்டன் ரூக்கை எடுத்தவன்

"பேராசைக்குத் தொப்பியும் பூட்ஸும் மாட்டிவிட்டா நம்ம ஃபின்டன்தான்!" என்றார் மாலக்கி, மைக்கில்.

ஹர்லிங் மட்டையாட்ட கிளப் ஹாலே சிரித்தது.

அயர்லாந்தில், லிமெரிக் பக்கத்து ஊர். ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நேராக அங்கேதான் வந்திருந்தார்கள். மறுநாள் பெரிய வேலி தாண்டும் பந்தயம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மேடையில் நாலு பேர் உட்கார்ந்து சொல்வார்கள். கேட்பதற்கு டிக்கெட். வசூல் கிளப் கூரைக்கு. கூரை பத்து வருஷமாக ஒழுகுகிறது. இவர்கள் சொல்லும் ஆரூடம் அதைவிட மோசமாக ஒழுகும்.

மாலக்கி தபால்காரர். வாழ்க்கையில் குதிரை ஏறியதில்லை. ஆனால் மைக் கிடைத்தால் குதிரைக்கே பாடம் எடுப்பார்.

அன்றைக்குக் கோபம் வேறு. அவருடைய மகன் ஓரன், பத்தொன்பது வயது, பந்தயக் குதிரைகளைப் பழக்கும் கில்ராய் அம்மாவின் லாயத்தில் இரண்டாவது ஜாக்கி. இந்த வருஷம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. நாளைக்கும் தோற்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த லாயத்திலிருந்து ஓடப்போவது இரண்டு குதிரைகள். எதில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதல் ஜாக்கி ஃபின்டனுக்கு. அவன் கேப்டன் ரூக்கை எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்த மிஸ் பட்டன், ஓரனுக்கு.

"ரூக் எப்பேர்ப்பட்ட குதிரை! சின்னத் தடுப்புல ஓடின நாலு பந்தயமும் ஜெயம். பெரிய வேலி நாளைக்குத்தான் முதல் தடவை. அதனால என்ன, பறக்கும்! மிஸ் பட்டன்? பதினோரு வயசு. வேலி பக்கத்துல போய் நின்னு, செருப்பைக் கழட்டி வெச்சிட்டுத்தான் தாண்டும்!"

மறுபடி சிரிப்பு.

ஃபின்டன் அதே மேடையில்தான், இரண்டு நாற்காலி தள்ளி, டீயைக் கலக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது. முன்பல் இரண்டும் கட்டின பல்.

"ஏம்ப்பா ஃபின்டன், முந்நூறு பந்தயம் ஜெயிச்சவன்தானே நீ? சின்னப் பையனுக்கு ஒரு நல்ல குதிரையை விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே? ரூக்கை ஏன் எடுத்தே? எல்லார் முன்னாலயும் சொல்லு."

"யாராவது ஏறணுமே அண்ணே."

"பாத்துக்குங்க! தியாகி!"

விசில் பறந்தது. ஃபின்டன் இன்னும் டீயைத்தான் கலக்கினான்.

"சரி மாலக்கி, எது மேல கட்டறது?" என்று யாரோ கத்தினார்கள்.

"முதல் ஜாக்கி எதை எடுக்கிறானோ அதுதான் ஜெயிக்கும். எனக்கு இவன் மூஞ்சி பிடிக்காது. ஆனா பேராசை பிடிச்சவன் கண்ணு தப்பாது. கண்ணை மூடிட்டு ரூக் மேல கட்டுங்க!"

"அப்ப உங்க மகன் மேல?" பின்வரிசையிலிருந்து அவர் மனைவி ப்ரோனா.

"பாசம் வேற, பந்தயம் வேற."

"நான் பாசத்து மேலயே கட்டிக்கறேன், போங்க."

மறுநாள் மூன்றாவது வேலியை ரூக் தாண்டவே இல்லை. நேராகப் போய் மோதியது. ஃபின்டன் தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்த குதிரை ஒன்று அவனை மிதித்துக்கொண்டு போனது. ரூக் எழுந்து தனியாக ஓடியது. ஃபின்டன் எழவில்லை.

முன்னால் பறந்த குதிரைகள் ஒவ்வொன்றாகக் களைத்தன. கடைசி வேலியில் இரண்டு விழுந்தன. மிஸ் பட்டன் நிதானமாக வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, தாண்டி, முதலாவதாக வந்தது.

மாலக்கியின் பேச்சைக் கேட்டுக் கட்டிய பாதி ஊருக்குக் காசு போனது. அவருக்கும்தான். அதற்காக வாய் ஓயுமா?

"என் பையனைப் பத்தி எனக்கு அப்பவே தெரியும்!"

ஃபின்டனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். தோள்பட்டை எலும்பும் மூன்று விலா எலும்பும் போயிருந்தன. வலியில் பல்லைக் கடித்திருந்தான். மாலக்கி அவனையும் விடவில்லை.

"முந்நூறு ஜெயிச்சு என்ன? குதிரை பொறுக்கத் தெரியலையே! ஆஸ்பத்திரியில அப்படியே கண் டாக்டரையும் பாத்துட்டு வா! பறிச்சுத் தின்னா இப்படித்தான் விக்கும்!"

நாலு பேர் சிரித்தார்கள். காசு போனவர்கள் பலமாகச் சிரித்தார்கள்.

ஓரன் கோப்பையோடு வந்தான். முகமெல்லாம் சேறு. போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை.

"எங்கடா ஓடறே?"

"முதலுதவி அறைக்கு. இதை ஃபின்டன் கையில கொடுக்கணும்."

"அவன் கையிலயா? உன் குதிரையைப் பிடுங்கினவன் கையிலயா?"

ஓரன் நின்றான்.

"ரூக் பயிற்சியில பெரிய வேலிகிட்ட மூணு தடவை விழுந்துச்சு அப்பா. ஓட விடாதீங்கன்னு ஃபின்டன் சொல்லிப் பார்த்தார். ரூக்கோட ஓனர் கேக்கல. விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வர்றேன், ஓடியே ஆகணும்னுட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஃபின்டன்தான் சொல்லாதேன்னார். உங்க காதுக்கு வந்தா மைக்குக்கு வந்த மாதிரியாம். லாயத்து விஷயம் வெளியே போனா எங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது."

"விழும்னு தெரிஞ்சே ஏறினானா? மடையன்! பேசாம மிஸ் பட்டனை எடுத்திருக்க வேண்டியதுதானே?"

"எடுத்திருக்கலாம். இருந்தது ரெண்டு குதிரை, ரெண்டு ஜாக்கி." ஓரன் கோப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "அவர் அதை எடுத்திருந்தா, ரூக் மேல யாரு அப்பா ஏறியிருப்பா?"