கட்டைவிரல் போட்டிருக்காங்க

பில் கவுண்டரில் பிலோமினாவைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

வந்துவிட்டாள்.

வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். சூப்பர் மார்க்கெட் சூப்பர்வைசர் நினைக்கக்கூடாத நினைப்புதான்.

இந்நேரம் அவள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஸ்கூட்டரில் எட்டு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். லைசென்ஸ் கையில் இருந்தால் கூரியர் கம்பெனியில் நிரந்தர வேலை. இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

கடைக்குப் பின்னால் காலி அட்டைப் பெட்டிகளை வைத்து எட்டு பழகியவள். பெட்டிகளை அடுக்கிக் கொடுத்தவன் அவன்தான். கால் ஊன்றாமல் முதல் முறை சுற்றி வந்த அன்று எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியவனும் அவன்தான்.

டெஸ்டுக்குப் போகட்டும் என்றுதான் இன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்டாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

நேற்று மாலை மேனேஜர் கூப்பிட்டார். காலையில் ஆள் குறைகிறது, பிலோமினாவைக் காலைக்கு மாற்று என்றார்.

கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான்.

சற்று நேரத்தில் அதன் கீழே ஒரு கட்டைவிரல் வந்தது. பிலோமினாவுடையது.

இந்தக் கடையில் பார்ட் டைம் ஆட்கள் கட்டைவிரல் போட்டால் ‘பார்த்தாச்சு’ என்று அர்த்தம். அவ்வளவுதான். சம்மதம் என்றால் ‘சரி’ என்று எழுதுவார்கள். எழுதவில்லையென்றால் சூப்பர்வைசர் போன் போட்டு என்ன ஏது என்று கேட்க வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. அவன் பார்ட் டைமாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

மேனேஜருக்கு மட்டும் அது தெரியாது. ஆனால் அவருக்குத் தலைமை ஆபீஸ் பயம் உண்டு. பார்ட் டைம் ஆட்களின் நேரத்தை அவர்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று கம்பெனியே சொல்லி வைத்திருக்கிறது. அதனால் கேட்டார்.

“ஒத்துக்கிட்டாங்களா?”

“கட்டைவிரல் போட்டிருக்காங்க சார்.”

பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் முடியாது என்பாள். மறுபடி மேனேஜர் முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து, தெரிந்தே, சும்மா இருந்துவிட்டான்.

இப்போது சும்மா இருக்க முடியவில்லை.

கவுண்டருக்குப் போனான். அவள் ஒரு பெரியவரின் பையில் பருப்புப் பாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் காலடியில் கிடந்தது.

“அக்கா, நீங்க கிளம்புங்க.”

“எங்க தம்பி?”

“டெஸ்டுக்கு. பதினொண்ணு வரைக்கும் எடுப்பாங்கல்ல?”

பிலோமினா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ போன் போடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி.”

திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப இங்க யாரு?”

“நான் பாத்துக்கறேன். போங்க.”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். கண்ணாடிக் கதவு அவள் பின்னால் ஆடி நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

தானே நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்குப் பில்லும் போட்டுவிட்டான்.

அப்போது மாடி ஆபீஸ் கதவு திறந்து மறுபடி மூடும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் பில் போடுவதைப் பார்த்தால் மேனேஜர் கேட்காமல் விடமாட்டார். பிலோமினா எங்கே என்பார். ஒத்துக்கொண்டாள் என்றாயே என்பார்.

போனை எடுத்தான்.

இந்த முறை குரூப்பில் போடவில்லை. பார்ட் டைம் ஆட்களில் இன்று ஷிப்ட் இல்லாத தௌலத்தை ஒழுங்காகக் கூப்பிட்டே கேட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

“தௌலத், உடனே வர முடியுமாம்மா? அவசரம்.”

மறுமுனையில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது.

“சரிண்ணே. வர்றேன்.”

சரி என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்துதான் வந்தாள் போலிருக்கிறது. மூச்சு வாங்க, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

“என்னம்மா இது?”

“சர்க்கரை டெஸ்டுண்ணே. வெறும் வயித்துல ஒரு தடவை எடுத்துட்டாங்க. குளுக்கோஸ் தண்ணி குடுத்து உக்கார வச்சிருந்தாங்க, மறுபடி எடுக்கணுமாம்.” மூச்சை இழுத்துவிட்டாள். “அதை இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்ணே. நீங்க கூப்பிட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளின் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

அவனுக்கு முகம் எரிந்தது. தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒருத்தியை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறான்.

படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

வரட்டும். தானே பில் போடுவதை அவர் பார்க்கட்டும்.

நாற்காலியின் முதுகைப் பிடித்தான்.

“எந்திரி தௌலத்.”

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழவில்லை. கைக்குக் கிடைத்த எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து அவசர அவசரமாக ஸ்கேன் செய்தாள்.

“லேட்டாயிடுச்சாண்ணே? அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா வந்துடறேண்ணே.”