பத்து ரோஜாக்கள்

"பிரதமரைக் கொன்னது நான்தான், கேப்டனய்யா. என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க."

பூக்கடை ஸ்டோயங்கா இப்படிச் சொல்லியும் போலீஸ் கேப்டன் ராய்கோவ் பேனாவைத் தொடவில்லை. "முதல்ல உட்காருங்க அக்கா" என்று நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தால் அந்த நாற்காலி என்னவாகும் என்று தெரிந்தும் காட்டினார், நல்ல மனிதர்.

நாற்காலி முனகியது. மேஜை மேல் ஒரு தேநீர்க் கிளாஸில், இதழோரம் கருத்துப்போன ஒற்றை ரோஜா தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அழுகைக்கு நடுவிலும் ஸ்டோயங்காவின் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"தண்ணியே மாத்தலபோல. தூக்கியாவது போடலாமில்ல?"

"போட மனசு வரல" என்றார் கேப்டன். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். "சரி, எதால கொன்னீங்க?"

"பூவால."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிரதமர் மின்செவ் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இறங்கினார். மேயரின் மகள் பூங்கொத்தை நீட்ட, அவர் வாங்கிக்கொண்டு குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்ட, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குண்டு பாய்ந்தது. தண்டவாளத்தில் துப்பாக்கி கிடைத்தது, சுட்டவன் கிடைக்கவில்லை. அன்றைக்கு நடைமேடைக் காவலும் ராய்கோவ்தான், இன்றைக்கு விசாரணையும் அவர் தலையில்தான்.

அந்தப் பூங்கொத்தைக் கட்டியவள் ஸ்டோயங்கா. அங்கேதான் வந்தது வினை.

உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுக்க வேண்டும், இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. எங்கள் ஊரில் பால் மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். பத்திரிகையில் பிரதமரின் கடைசிப் படம் வந்ததும், பேக்கரிக்காரி ஸ்வெத்லா கணவனின் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிவந்து பூவை எண்ணினாள். பத்து. அவள் எண்ணி முடிப்பதற்குள் தெருவே எண்ணி முடித்துவிட்டது.

"நேத்து அந்த ஸ்வெத்லா என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, 'என் மாமியாருக்குப் பிறந்தநாள் வருது, நீயே ஒரு கொத்து கட்டிக் குடுடி, உன் கைராசிதான் ஊரறிஞ்சதாச்சே'ன்னு கேக்குறா. நாலு பேர் சிரிக்கிறாங்க" என்று மூக்கைச் சிந்தினாள் ஸ்டோயங்கா.

"படத்துல ஒரு பூ பின்னால மறைஞ்சிருக்கும் அக்கா."

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா கேக்கலியே! கீழ விழுந்த கொத்தை மேயரம்மா எடுத்து வெச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டு, நேர்லயே போய்ப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. திரும்பத் திரும்ப எண்ணினேன். பத்துதான்."

கேப்டன் ஆறிப்போன காபியை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"மூட நம்பிக்கை அக்கா. பூவுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப உங்க வீட்டம்மாவுக்கு சனிக்கிழமை பூ வாங்கறப்ப, நாலு குடுத்தா வாங்கிட்டுப் போவீங்களா?"

கேப்டன் ரோஜா இருந்த கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பதினொண்ணு எண்ணித்தான் வெச்சேன்னு இவ்வளவு நாள் சத்தியம் பண்ணிட்டிருந்தேன். இப்ப என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. அன்னைக்குக் கடையில கூட்டம். நீங்களே கொத்தை வாங்க வந்து, 'சீக்கிரம் அக்கா, ரயில் வந்துடும்'னு நின்னீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. அவசரத்துல தப்பினது என் கைதானே? அந்த மனுஷன் பொண்டாட்டி ரேடியோவுல அழுதாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் கேப்டன், மெதுவாக.

"பாதிரியார்கிட்டப் போய்ப் பாவத்தைச் சொன்னேன். ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி தொடாதேன்னார். தொடல. நான் தொடாம இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு பார்த்தாலே தெரியும் உங்களுக்கு. அப்படியும் மனசு ஆறல. கடையை மூடிட்டேன். ஒரு பூவைக் கையில எடுத்தா அவர் முகம் வருது." இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து மேஜை மேல் நீட்டினாள். "விலங்கு போடுங்க. போடாம நான் இங்கிருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

முள் கீறிய அந்தத் தடித்த கைகளையே கேப்டன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், வாசலில் நின்ற சிப்பாயைக் காபி குடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கிளாஸில் இருந்த ரோஜாவை எடுத்து, அவள் நீட்டிய கைகளில் வைத்தார்.

"நீங்க பதினொண்ணுதான் கட்டினீங்க அக்கா. சாகப்போறவருக்கு ஒத்தைப்படை ஆகாதேன்னு வழியில ஒண்ணை உருவினது நான்."