வக்கீல் துரைவேலனின் ஜூனியர்

சத்தியசீலன் ஒரு காலத்தில் தொலைக்காட்சித் தொடரில் வக்கீல் துரைவேலனாக நடித்துப் பேர் வாங்கியவர். இப்போது அந்தத் தொடர் கணினி விளையாட்டாகிவிட்டது. முகமும் குரலும் அவருடையவை. பேச்சை மட்டும் செயற்கை நுண்ணறிவின் உதவியால் துரைவேலனே யோசித்துப் பேசுவான். சத்தியசீலனின் மனைவி பூரணி தினமும் சாயங்காலம் அவனுக்கு ஜூனியராகிக் கொலை வழக்குகளைத் துப்பறிவாள், கோர்ட்டில் வாதாடுவாள்.

முதலில் சத்தியசீலனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, அறைக்குள்ளிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. தன்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாயிற்று.

அன்று காபி கொண்டுபோனவர் கதவருகே நின்றுவிட்டார்.

"சாட்சியை இன்னைக்கு சும்மா விட்டுட்டீங்களே பூரணி. மனசு இங்க இல்லபோல. என்னாச்சு?" என்றது அவருடைய இளவயதுக் குரல்.

"மார்புல ஒரு கட்டி இருக்கு சார். வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் பூரணி.

"பயமா இருக்கா?"

அவள் அழுதாள். சத்தியசீலன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"இவன்கிட்ட சொல்லத் தெரியுது, எங்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"சொன்னேங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்போ சொன்னேன். நீங்க 'ம்'னு சொல்லிட்டு ரசம் கேட்டீங்க."

அவருக்கு ரசம் ஞாபகம் இருந்தது. கட்டி ஞாபகம் இல்லை. திரையில் துரைவேலன் குறுக்கே பேசாமல் காத்திருந்தான். அந்த நாகரிகமும் அவரைச் சுட்டது.

"வியாழக்கிழமை நான் கூட வரேன்," என்றார்.

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதில் சொல்வதற்கு முன்னால் திரையைத்தான் பார்த்தாள்.