செனட்டர் உளறவில்லை

“பென்சில்வேனியாவுல நின்னுக்கிட்டு ‘ஒஹாயோ மக்களே’ன்னு கூப்பிட்டா யாருங்க ஓட்டுப் போடுவா?” லாயிட் மைக்கை நீட்டினான்.

அதிபர் வேட்பாளர் செனட்டர் ஹாலோவேயின் செய்தித் தொடர்பாளர் ப்ரென்னா அசரவில்லை. “பக்கத்து மாநிலத்தையும் சேர்த்து அணைச்சுக்கிட்டாரு. மனசு பெருசுங்க அவருக்கு.”

“வரியைப் பத்திக் கேட்டதும் வாயடைச்சு நின்னாரே?”

“அது யோசனை. யோசிச்சுப் பேசற அதிபர் நமக்கு வேண்டாமா?”

“விவாதத்தை நடத்துன அம்மா மேல எரிஞ்சு விழுந்தாரே?”

“ஏழைங்களுக்காக வந்த கோபம்.”

லாயிட் சிரித்துவிட்டான். “அடிப்பாவி! நாக்குக் கூசலையா உனக்கு?”

“கூசினா கருத்துக்கணிப்புல மிச்சமிருக்கறதும் போயிடும். இன்னிக்கு இவர் கவுந்தா, நாளைக்கு நாம எல்லாரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த கேள்வியைக் கேளுடா.”

கதவு திறந்தது. செனட்டர் நின்றிருந்தார். ஒப்பனை முடியாமல் பாதி முகத்தில்தான் பவுடர் இருந்தது. சட்டையில் ஒட்டாமலிருக்கக் கழுத்தைச் சுற்றிக் காகிதத்தைச் செருகியிருந்தார்கள்.

“எல்லாத்தையும் கேட்டேன்மா,” என்றார். “நான் இன்னும் விவாத மேடையே ஏறலையே?”

நிருபராக நடித்துக்கொண்டிருந்த லாயிட் சட்டென்று எழுந்து நின்றான். ப்ரென்னா எழவில்லை.

“எதுக்கும் தயாரா இருக்கணும்ல சார். இது ஒத்திகை.”

“சரி. நான் நல்லாப் பேசிட்டா, ‘எப்படிம்மா இவ்வளவு நல்லாப் பேசினாரு?’ன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கே?”

“அந்தக் கேள்வி வராது சார்,” என்றாள் ப்ரென்னா.