விடுங்க நானா

திகனப் பக்கத்துப் எல்லாரும் ஏறிப் பழகும் பாறையில் நான் ஏறியது அன்றுதான் முதல் தடவை. என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுபக்கத்தைக் கீழே, அண்ணன் முறை சொல்லி எல்லாரும் அழைக்கும் தாஸிம் நானா பிடித்திருந்தார். பாறையில் அறைந்திருந்த நான்காவது போல்ட் தலைக்கு மேலே இருந்தது. அதில் மாட்ட இன்னும் ஒரு முழம் கயிறு வேண்டும்.

"விடுங்க நானா!"

கயிறு இறுகியது.

"காது கேக்கலையா? விடுங்க!"

இன்னும் இறுகியது. கால் சறுக்கி, முழங்கை சிராய்த்து, கயிற்றில் தொங்கினேன். அவர் மெல்ல இறக்கினார்.

தரையைத் தொட்டதும் கத்தினேன். "விடுங்கன்னா கயித்தத் தளத்தணும். இதுகூடத் தெரியாமலா எட்டு வருசமா ஆள் ஏத்துறீங்க?"

நான் தரையில் நின்ற பிறகும் அவர் விரல்கள் கயிற்றிலிருந்து விரியவில்லை.

"தளத்துங்க என்டு செல்லுங்க, புள்ள. அந்தச் சொல்லு மட்டும் வாணாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே நானா?"

"என்ட தம்பி நபீலும் அப்பிடி நெனச்சித்தான் இந்தப் பாறையில நின்டு செல்லினான்."

"அவரு கால் சறுக்கி விழுந்துதானே செத்தாரு? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

"சறுக்கல்ல. நான் மொத மொத கயிறு புடிச்ச நாள் அது. அவன் செல்லினான். நான் கைய விட்டுட்டேன்."